வளி புகும் வழி

இரவில் வண்டி நன்றாக இழுக்கும் என்று சொல்லாத லாரி ஓட்டுநர் ஒருவரையும் நாம் இதுவரை கண்டதில்லை. கடலூர் முதுநகரில் மூட்டை இறக்கக் காத்திருப்பவரைக் கேட்டாலும், சிதம்பரத்தில் நெல் ஏற்ற வந்தவரைக் கேட்டாலும் இதே விடைதான். "பகலெல்லாம் மூச்சு வாங்குன வண்டி, ராத்திரி பதினொரு மணிக்கு மேல குதிரையாட்டம் போவும் சார்." சாலையில் நெரிசல் இல்லை, தலைக்கு மேல் வெயில் இல்லை, டயர் காய்வதில்லை என்று காரணங்களை அடுக்கலாம். அவையும் மெய்தான். ஆனால் ஓட்டுநர்கள் சொல்ல வருவது வேறு. அதே பாலம், அதே பாரம், அதே கியர். பகலில் திணறிய இடத்தில் இரவில் திணறவில்லை என்பதே அவர்கள் கூற்று. இத்தகைய கூற்றுகளை மனப்பிரமை என்று தள்ளிவிடுவதில் படித்தவர்களுக்கு எப்போதும் ஓர் அவசரம் உண்டு. இங்கே தள்ள வேண்டியதில்லை. காற்றின் எடையைக் கணக்கிட்டால் போதும்.

வெப்பம் ஏற ஏறக் காற்று விரிகிறது. விரிந்த காற்று இலேசாகிறது. நம் ஊர் வெப்பநிலையில் ஏறத்தாழ 3 டிகிரி கூடினால் அடர்த்தி நூற்றுக்கு ஒன்று குறையும். மே மாதப் பிற்பகலில் 40 டிகிரி, நள்ளிரவில் 28 டிகிரி என்று கொண்டால் வேறுபாடு நூற்றுக்கு நான்கு. எஞ்சின் இழுத்துக்கொள்ளும் கன அளவு இரவிலும் பகலிலும் ஒன்றுதான்; அந்த அளவுக்குள் அடங்கும் உயிர்வளிதான் கூடுகிறது, குறைகிறது. ஒரு லிட்டர் டீசல் மிச்சமின்றி எரியக் குறைந்தது 12 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் அதைவிடத் தாராளமாகவே வேண்டும், இல்லையேல் கரும்புகை.

இந்தத் தாராளம் எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள லாரி எஞ்சின், நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றும்போது, ஏறத்தாழ 5000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. சும்மா அமர்ந்திருக்கும் மனிதர் ஒரு நிமிடத்தில் உள்ளிழுப்பது 6 முதல் 8 லிட்டர். ஆக, நமக்கு முன்னால் புகை கக்கிக்கொண்டு போகும் ஒற்றை லாரி, எழுநூறு பேர் அமர்ந்த ஓர் அரங்கத்தின் மூச்சை இழுத்துக்கொண்டு போகிறது. (நம் கல்லூரி ஆண்டு விழாவில் எழுநூறு பேர் அமர்ந்து நாம் பார்த்ததில்லை என்பது வேறு செய்தி.)

தமிழில் காற்றுக்குத் திசைப்பெயர்கள் உண்டு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். வகுப்பில் இதைச் சொல்லும்போது கோடை என்பது பருவத்தின் பெயர்தானே என்று மாணவர்கள் ஐயுறுவார்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட சாலையில் கத்திரி வெயிலில் ஒருமுறை சென்றால் ஐயம் நீங்கிவிடும். கடல் கிழக்கே, கூப்பிடு தொலைவில். ஆனால் மேல்காற்று வலுத்து வீசும் நாளில் கடற்காற்று கரையேற முடிவதில்லை. உள்நாட்டின் அனல் முழுவதும் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வரைக்கும் வந்து அறையும். பிற்பகல் கடற்காற்று உள்ளே வந்துவிட்டாலோ, அரை மணி நேரத்தில் வேறு ஊர். பருவத்தின் பெயரும் காற்றின் பெயரும் ஒன்றாகிப்போன காரணத்தைப் புத்தகத்தைவிட அந்தச் சாலை நன்றாகச் சொல்லும். சிதம்பரம் ஆகாயத் தலம், வாயுத் தலமோ காளத்தி. இந்த 45 கிலோமீட்டரை மே மாதத்தில் கடந்தவர்களுக்கு அந்தப் பங்கீட்டில் சற்று வருத்தம் ஏற்படக்கூடும்.

நிற்க. இவ்வளவும் எழுதக் காரணம் எம் சிற்றப்பாவின் லாரி.

அவர் ஒற்றை லாரி முதலாளி. காட்டுமன்னார்கோயில் பக்கமிருந்து நெல்லும், திரும்புகாலில் உரமும் சிமெண்டும் ஏற்றுவார். கரும்பு வெட்டுக் காலத்தில் சேத்தியாத்தோப்பு ஆலைக்கு ஓட்டுவதும் உண்டு. வண்டி பழையது, டர்போ இல்லாத எஞ்சின். பாதி விலைக்கு நிலம் விற்ற பணம், மீதிக்குச் சித்தியின் நகை. 2009 ஏப்ரலில் வண்டி இழுவையை இழந்தது. மலையே இல்லாத கரையோரத்தில் பாலத்தின் ஏற்றம்தான் மலை. வெள்ளாற்றுப் பாலத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கி, பின்னால் வருகிறவர்கள் விளக்கைப் போட்டுக்கொள்ளும் அளவுக்குக் கரும்புகை தள்ளியது. லிட்டருக்கு 3.8 கிலோமீட்டர். ஒரு பட்டறையில் லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றி எஞ்சினை முழுதாகப் பிரித்து வேலை பார்க்க வேண்டும், எழுபதாயிரம் ஆகும் என்றார்கள். அந்த ஜூனில் சிற்றப்பாவின் மூத்த மகள் பொறியியல் கல்லூரியில் சேர வேண்டும். எழுபதாயிரம் எங்கே போகும் என்பதுதான் வீட்டில் பேச்சு; பேச்சு என்பதைவிட, யாரும் பேசாமல் இருந்தார்கள் என்பது பொருந்தும். வண்டிக்குப் போனால் படிப்பு இல்லை. படிப்புக்குப் போனால் ஆறு மாதத்தில் வண்டி இல்லை, வண்டி போனால் இரண்டாம் ஆண்டுப் படிப்பும் இல்லை.

பரங்கிப்பேட்டைப் பக்கத்து மெக்கானிக் ஒருவரிடம் கடைசியாக ஒருமுறை காட்டிவிடலாம் என்று சிற்றப்பா முடிவு செய்தார். எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். அறுபதைத் தொட்டவர், நிதானமாகப் பேசுவார், அதைவிட நிதானமாக வேலை செய்வார். அவர் எஞ்சினைத் தொடவில்லை. முதலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வண்டியை ஓடவிட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உள்ளிருந்து புகை சீறவில்லை. "ரிங்கு போகலண்ணே. போயிருந்தா இங்க மூஞ்சில அடிக்கும்" என்றார். பிறகு வண்டியின் கேபினுக்குப் பின்பக்கம் போய், ஏர் கிளீனரின் வாயில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"அண்ணே, இது எங்கேர்ந்து மூச்சு வுடுது தெரியுதா? அடுப்பு வாயிலேர்ந்து."

நடந்தது இதுதான். வண்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போது, காற்றை இழுக்கும் குழாய் கேபினுக்குப் பின்னால் மேலெழுந்து, கூரை உயரத்தில் வெளிக்காற்றைப் பிடிக்கும்படி இருந்திருக்கிறது. முந்தைய உரிமையாளர் காலத்தில் கேபினைப் புதிதாகக் கட்டியவர்கள், மரச்சட்டத்துக்கு அது இடைஞ்சலாயிருந்ததால் குழாயை அறுத்துவிட்டார்கள். வாய் கீழே, எஞ்சினைப் பார்த்தபடி நின்றுவிட்டது. ரேடியேட்டரின் விசிறி தள்ளும் அனலும், புகைக்குழாயின் வெக்கையும் சேர்ந்து அங்கே வந்து நிற்கும். அதைத்தான் எஞ்சின் குடித்துக்கொண்டிருந்தது.

அப்போது நாம் பாயிடம் ஒன்று கேட்டோம். டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை நெருக்கி, அந்நெருக்கத்தில் எழும் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் அடிப்படையே அதுதானே? சூடுதான் வேண்டும் என்றால், சூடான காற்றே உள்ளே போவது நல்லதுதானே? பாய் சிரித்தார். "சார், அடுப்பு பத்துறதுக்கு நெருப்பு வேணும். அதுக்காகக் காஞ்ச விறகுக்குப் பதிலா சாம்பலை வெப்பீங்களா?"

உவமை முற்றும் பொருந்தாது. ஆயினும் பொருள் சரி. பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கப்பட்ட காற்று 500 டிகிரிக்கு மேலே போய்விடும். கடலூரில் எந்தக் காற்றை உள்ளே விட்டாலும் டீசல் பற்றிக்கொள்ளும்; பனி உறையும் நாடுகளில்தான் காலையில் காற்றைச் சூடாக்கும் கவலை. நமக்கு வேண்டியது பற்றுவதற்கான சூடன்று, எரிவதற்கான உயிர்வளி. தீக்கடைக்கோலுக்கு ஞெலிகோல் என்று பழைய பெயர். கோலைக் கடைந்து நெருப்பெடுத்தவர்களும், எடுத்த பிறகு காற்றுப் படும்படி சருகை விரித்துத்தான் ஊதியிருப்பார்கள்.

பாயின் கை உணர்ந்தது சிற்றப்பாவுக்குப் போதுமானதாயிருந்தது. நமக்குப் போதவில்லை, எழுபதாயிரம் சம்பந்தப்பட்டது அல்லவா? வேதியியல் துறை நண்பர் ஒருவரிடம் 110 டிகிரி வரை அளக்கும் வெப்பமானியை வாங்கிவந்தோம். பாதரசம் உள்ள கண்ணாடிக் குழாயை உள்ளே தொங்கவிட்டால், உடைந்து எஞ்சினுக்குள் போய்விடும் என்று பாய் மறுத்தார். துளையிட்ட தகரக் குவளைக்குள் அதைப் பொருத்தி, செம்புக் கம்பியால் ஏர் கிளீனர் வாயின் வெளிப்புறம் கட்டினார். எஞ்சினை நிறுத்தாமல், வண்டி நின்ற அரை நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. நிறுத்தினால் எஞ்சின் சூடு மேலே ஏறி அளவு பொய்யாகிவிடும். அளவிடும் முறை குறித்த இந்தத் தெளிவை முறையான ஆய்வுக் கட்டுரைகளிலும் எப்போதும் பார்க்க முடிவதில்லை.

மே மாதத்தில் ஒரு நாள், நெல் மூட்டையோடு பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். ஓட்டுநர், பாய், நாம், வண்டிக் கிளீனர் பையன். (ஏர் கிளீனரைத் தட்டித் துடைப்பதும் கிளீனர்தான், லாரித் தொழிலில் இச்சொல்லுக்கு இப்படி இரு பொருள். ஒன்று அடைத்தால் வண்டி நிற்கும், மற்றொன்று தூங்கினால் வண்டி நிற்கும் என்று ஓட்டுநர் சொன்னார்.) நான்கு இடங்களில் நிறுத்தினோம். நிழலில் வெளிக்காற்று 37. ஏர் கிளீனர் வாயில் 58, 61, 64, 63. பாலத்தின் ஏற்றத்தை முடித்து ஓரம் கட்டியபோதுதான் அந்த 64. வெளியே இருப்பதைவிட 27 டிகிரி அதிகம். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில், நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு காற்று உள்ளே வராமலே போயிருக்கிறது.

நான்காவது நிறுத்தத்தில் ஓட்டுநர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு, "வாத்தியார் தம்பி, அதை இங்கயும் ஒருதரம் வெச்சுப் பாருங்களேன்" என்றார். பாய் வெப்பமானியை அவிழ்த்துக் கொடுத்தார். எஞ்சினை மூடும் தகரப் பெட்டிக்கும் ஓட்டுநரின் இடக்காலுக்கும் நடுவில் பிடித்தோம். 51. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அவ்வளோதானா? நான் இன்னும் சாஸ்தியா இருக்கும்னு நெனச்சேன்" என்று கியரைப் போட்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் லாரி ஓட்டியவர் அவர்.

மறுநாள் வேலை நடந்தது. டிங்கரிங் பட்டறையில் தகடு வளைத்து, கேபினின் பின்புறமாகக் கூரை உயரம் வரை ஒரு குழாய். வாய் பின்னோக்கியபடி, மேலே மழைக்கு ஒரு குல்லா. முன்னோக்கி வைத்தால் காற்று தானாகப் பாய்ந்து உள்ளே ஏறாதா என்று கிளீனர் பையன் கேட்டான். நெல் ஏற்றும் வண்டிக்கு முன்னோக்கிய வாய் வைத்தால் மழைநீரும் தூசும் ஈசலும்தான் முதலில் ஏறும். மேலும் லாரி போகும் வேகத்தில் அப்படிப் பாய்ந்து ஏறும் காற்றால் கிடைக்கும் ஆதாயம் அற்பம். குழாய் குறுகலாகவோ, கூர்மையாக மடங்கியோ இருக்கக் கூடாது. குளிர்ந்த காற்றைத் தேடிப் போய் மூச்சுக்குழலை நெரிப்பதாய் முடியும். ஏர் கிளீனருக்கும் குழாய்க்கும் நடுவே தடித்த ரப்பர் ஓஸ், இருபுறமும் கிளிப். கேபின் ஒருபக்கம் ஆட, எஞ்சின் வேறுபக்கம் ஆடுவதால் நடுவில் நெகிழ்வு வேண்டும். புகைக்குழாய் பக்கமிருந்த தகட்டின் மேல் கல்நார் கயிற்றைச் சுற்றினார்கள். (கல்நாரின் தீங்கு பற்றி இன்று அறிந்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள், அன்று பட்டறைகளில் எளிதாய்க் கிடைத்தது.) உமி அடைத்துக் கிடந்த ஏர் கிளீனரும் சுத்தமாயிற்று. ஓஸ், தகடு, கூலி எல்லாம் சேர்ந்து 2300 ரூபாய்.

இன்னொன்றும் கண்டுபிடித்தார் பாய். இழுவை குறைந்தபோது யாரோ டீசல் பம்பின் திருகைத் திருகி, கூடுதலாக டீசல் போகும்படி செய்திருக்கிறார்கள். பல பட்டறைகளின் வழக்கம் இது. காற்று போதாத இடத்தில் டீசலைக் கூட்டினால் கொஞ்சம் இழுக்கும், நிறையப் புகையும். பம்பைக் கழற்றி அதற்கான கடையில் கொடுத்து உரிய அளவில் நிறுத்தி வாங்கினார்.

குழாய் வைத்த பிறகு அதே சாலையில், அதே நேரத்தில், அதே பாரத்தோடு வாயில் 41 டிகிரி. பாலத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறியது. புகை, எல்லா லாரியும் விடும் புகை. அடுத்த இரண்டு மாதக் கணக்கில் லிட்டருக்கு 4.3 கிலோமீட்டர் வந்ததாகச் சிற்றப்பாவின் நோட்டுப் புத்தகம் சொல்கிறது. இதில் எவ்வளவு குளிர்ந்த காற்றின் கொடை, எவ்வளவு பம்பைச் சரிசெய்ததன் கொடை, எவ்வளவு ஏர் கிளீனரைச் சுத்தம் செய்ததன் கொடை என்று பிரிக்க இயலாது. நம் கருத்தில் மைலேஜுக்குப் பம்பே முதற்காரணம். சமதரையில், பாதிப் பாரத்தில் டீசல் எஞ்சினுக்குத் தேவைக்கு மேலேயே காற்று கிடைக்கிறது. அங்கே மூன்று டிகிரி குறைந்தால் என்ன, முப்பது குறைந்தால் என்ன? முழுப்பாரத்தோடு ஏறும்போதுதான் காற்றின் அருமை தெரியும். குளிர்ந்த காற்றை விட்டால் மைலேஜ் கொட்டும் என்று குழாய் விற்பவர்கள் சொல்வதை அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் வண்டிக்கான பேச்சை டீசலுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் அந்த 64 டிகிரி அப்படியே நீடித்திருந்தால், கூட்டிவிட்ட டீசலோடு சேர்ந்து, ரிங்கும் பிஸ்டனும் பட்டறைக்காரர் சொன்னபடியே ஓராண்டில் போயிருக்கும் என்று பாய் சொன்னார். அதை மறுக்க நம்மிடம் காரணம் இல்லை. மகள் ஜூனில் கல்லூரியில் சேர்ந்தாள்.

அந்த வண்டிக்கு டர்போ இல்லை என்றோம். இருக்கும் வண்டிகளில் கதையே வேறு. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனோடு பிணைந்த மற்றொரு சக்கரத்தால் காற்றை நெருக்கி உள்ளே திணிக்கும் யோசனைக்குச் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூஷி 1905இலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நெருக்கினால் காற்று சூடாகும். 36 டிகிரிக் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால், டர்போவின் செயல்திறனையும் கணக்கில் கொண்டு, ஏறத்தாழ 130 டிகிரிக்குப் போய்விடும். இரு மடங்கு காற்றுக்கு ஆசைப்பட்டு ஒன்றரை மடங்குதான் கிடைக்கும். அதைக் குளிர்வித்து 60 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 1.85 மடங்கு. லாரிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு ரேடியேட்டர்போல் நிற்கிறதே, அந்த இண்டர்கூலரின் வேலை இதுதான். காற்றைக் கொண்டே காற்றைக் குளிர்விப்பது. குளிர்ந்த காற்றில் எரியும்போது உருளைக்குள் எழும் உச்ச வெப்பமும் குறைகிறது. அதனால் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைகின்றன. 2010இல் வந்த பாரத் மூன்றாம் நிலை, 2017 ஏப்ரலில் நாடு முழுதும் வந்த நான்காம் நிலை, 2020 ஏப்ரலில் வந்த ஆறாம் நிலை என்று விதிகள் இறுக இறுக, இண்டர்கூலர் இல்லாத கனரக லாரி புதிதாக வருவது நின்றேபோயிற்று.

இந்த இண்டர்கூலருக்கு நம் நாட்டில் வாய்த்த பகைவர்கள் தனி. முகப்பில் கட்டும் கூடுதல் கம்பிச் சட்டம், திருஷ்டிப் பொம்மை, சங்கத்தின் பெயர்ப்பலகை. ஆயுத பூஜைக்கு இருபுறமும் கட்டிய வாழைக்கன்று சருகாகி உதிரும்வரை அவிழ்க்கப்படுவதில்லை. உள்ளே இதழ்களுக்கிடையில் உமியும் கரும்புச் சோகையும் ஈசலும் அடைந்து கிடக்கும். ஓஸில் சிறு வெடிப்பு விழுந்தாலோ, ஏற்றத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம், இழுவை இல்லை, கரும்புகை. பாய் காலத்து அறிவு இங்கும் செல்லும்: எஞ்சினைப் பிரிக்கும் முன் மூச்சுக்குழலைத் தடவிப் பார்.

எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று தரப் பொறியியல் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டது. அதன் பக்கத்தில் அமர்ந்தவருக்கு? 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருந்தாக வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. டர்போவுக்குக் காப்புரிமை பெற்று 120 ஆண்டுகளுக்குப் பின். அதற்கு முன் வந்த வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அவற்றில் அமர்ந்திருப்பவர்களின் இடக்காலருகே 51 டிகிரியும் ஓடும்.

சிற்றப்பா அந்த லாரியை 2016இல் விற்றார். வாங்க வந்தவர் அரியலூர்ப் பக்கத்துக்காரர், சிமெண்ட் ஓட்டுகிறவர். வண்டியைச் சுற்றிப் பார்த்து, கேபினுக்குப் பின்னால் கூரை வரை எழுந்த தகரக் குழாயைத் தட்டி, "இது என்னா, வீட்டு அடுப்புக்கு வெக்கிற மாரி?" என்றார். நம்முடைய ஓட்டுநர் முந்திக்கொண்டார். மூன்றுக்கு ஒன்று கணக்கு, 64, 41, பாலத்தில் மூன்றாம் கியர், எல்லாம் சொன்னார். பாய் சொன்ன விறகு உவமையையும் சேர்த்துக்கொண்டார். வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழாயை அறுக்காமல் விடுவதாகவும் விலையில் ஐயாயிரம் குறைத்துக்கொள்ளும்படியும் கேட்டார். மூவாயிரம் குறைத்தார்கள்.